அமாங் அஸ் அறையைத் திறப்பவர்களுக்கு

அன்புள்ள ஹோஸ்ட்களுக்கு,

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் "ராத்திரி ஒன்பது மணிக்கு யாரெல்லாம் வர்றீங்க?" என்று கேட்பவர்கள் நீங்கள். ஆறெழுத்துக் குறியீட்டை அனுப்பி, வராதவர்களுக்குப் போன் போட்டு எழுப்பி, "இதோ ரெண்டு நிமிஷம்" என்பவர்களுக்காகப் பொறுத்திருந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிறீர்கள். கல்லூரி விடுதியிலும், வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்திலும், பொங்கலுக்கு ஊர் வந்த சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளின் கூட்டத்திலும் உங்களில் ஒருவர் இருக்கிறார். ஆடுகிறவர்களுக்குத் தந்திரம் சொல்லித்தர யூடியூபில் எண்ணற்ற காணொளிகள் கிடைக்கின்றன. அறையைத் திறப்பவரிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. இந்த விளையாட்டின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கின்றன என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இந்த மடல்.

ஆடிப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு விண்கலம். அதில் வண்ண வண்ண உடையில் குட்டையான ஆட்கள். பெரும்பாலோர் க்ரூமேட்கள். ஒன்றிலிருந்து மூன்று பேர்வரை இம்போஸ்டர்கள், அதாவது வேடதாரிகள். யார் வேடதாரி என்பது வேடதாரிகளுக்கு மட்டுமே தெரியும். க்ரூமேட்கள் அறை அறையாகப் போய்ச் சின்னச் சின்ன வேலைகளை முடிக்க வேண்டும். இம்போஸ்டர் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கொல்வார். விளக்கை அணைப்பார், கதவைப் பூட்டுவார், தரையிலுள்ள வென்ட்டுக்குள் இறங்கி வேறோர் அறையில் எழுவார். உடலைக் கண்டவர் ரிப்போர்ட் பொத்தானை அழுத்தினால் உயிரோடிருக்கும் எல்லோரும் மேசைக்கு வந்துவிட வேண்டும். அங்கே பேச்சு, பிறகு வாக்கு. அதிக வாக்கு பெற்றவர் விண்வெளியில் வீசப்படுவார். வேலைகள் யாவும் முடிந்தாலும், இம்போஸ்டர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டாலும் க்ரூமேட்களுக்கு வெற்றி. இரு தரப்பின் எண்ணிக்கையும் சமமாகிவிட்டால் இம்போஸ்டர்களுக்கு வெற்றி.

தாளைக் கிழித்து ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று எழுதி உருட்டிப் போட்டு ஆடியவர்களுக்கு இது முழுக்கப் புதிதல்ல. ஆனால் அந்தச் சீட்டாட்டத்தில் போலீஸ் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை ஊகிப்பதோடு சரி. பேச்சையே ஆட்டமாக்கியவர் ரஷ்யாவின் திமித்ரி டேவிடாஃப். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்தபோது, 1986 வாக்கில், 'மாஃபியா' என்ற ஆட்டத்தை அவர் உருவாக்கினார். விஷயம் தெரிந்த சிலருக்கும் ஒன்றும் தெரியாத பலருக்கும் நடக்கும் போட்டி அது. அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில் மூன்றே பேர் கொண்ட இன்னர்ஸ்லாத் நிறுவனம் 2018 ஜூனில் அதைப் போனுக்குள் கொண்டுவந்தது. முதலில் அதற்கு வைத்த பெயரே 'ஸ்பேஸ்மாஃபியா'. ஒரே வைஃபையில் இணைந்து, ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஆடுவதற்காகத்தான் செய்தார்கள். இணையவழி ஆட்டம் பிறகு சேர்ந்தது.

இரண்டு வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தென்கொரியாவிலும் பிரேசிலிலும் நேரலையில் ஆடுபவர்கள் சிலர் பிடித்துக்கொண்டார்கள். 2020இன் நடுவில் அமெரிக்க நேரலைக்காரர்களும் ஆட ஆரம்பித்ததும் உலகமே புகுந்தது. அந்தச் செப்டம்பரில் ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 4 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். நிறுவனம் ஆகஸ்டில் அறிவித்த இரண்டாம் பாகத்தை அடுத்த மாதமே கைவிட்டு, முதல் ஆட்டத்தையே செப்பனிடப்போவதாகச் சொன்னது. ஆண்டின் இறுதியில் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த பலர் ஆடும் விளையாட்டு, சிறந்த மொபைல் விளையாட்டு என்ற இரண்டு விருதுகளும் இரண்டு வயதான இந்த ஆட்டத்துக்குப் போயின. நம் ஊரில் இந்த ஆட்டம் பரவியதற்குத் தனிக் காரணமும் இருந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. கொரோனா அடங்கவில்லை, கல்லூரி திறக்கவில்லை, கையில் போன் இருக்கிறது, பப்ஜி இல்லை. அந்த வெற்றிடத்தில் இலவசமாக, பழைய ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிற ஆட்டமாக இது வந்து நின்றது.

அலை வடிந்த பிறகும் நீங்கள் அறை திறந்துகொண்டிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஏனென்றால் இந்த ஆட்டத்துக்குள் நான் மிகவும் மதிக்கும் ஒன்று இருக்கிறது.

முதலில், இதில் திறமைக்கு அநேகமாக வேலையே இல்லை. நிறம் பார்த்து வயர்களை இணைக்க வேண்டும், குப்பையைக் கொட்ட வேண்டும், கோப்பைப் பதிவேற்றிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். அட்மின் அறையில் அட்டையை உரசும் வேலை மட்டும் எல்லோரையும் கடுப்பேற்றும். வேகமாக உரசினாலும் ஏற்காது, மெதுவாக உரசினாலும் ஏற்காது. வாழ்நாளில் வீடியோ கேம் தொடாத அம்மாவும் பத்து நிமிடத்தில் இவற்றைக் கற்றுக்கொள்வார். வேலைகளை இப்படிச் சலிப்பாக வைத்ததற்குக் காரணம் உண்டு. வேலையைத் திறந்ததும் அதன் பலகை திரையின் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. பின்னால் யார் வந்தார், யார் போனார் என்பது தெரியாது. வயரைப் பார்த்தால் வாசலைப் பார்க்க முடியாது. அந்தச் சில விநாடிகளில் முதுகு சில்லிடுகிறதே, அதுதான் ஆட்டம்.

அடுத்து, ஒவ்வொருவரின் பார்வைக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். தன்னைச் சுற்றிச் சிறிது தூரம்தான் தெரியும். இம்போஸ்டர் விளக்கை அணைத்தால் க்ரூமேட்களுக்கு அதுவும் சுருங்கும். ஆகவே மேசைக்கு வரும் எல்லோரிடமும் நடந்ததில் ஆளுக்கொரு துண்டுதான் இருக்கிறது. "எலக்ட்ரிக்கல்ல நீலத்தைப் பார்த்தேன்." "நான் கேமராவில் இருந்தேன், அந்தப் பக்கம் பச்சை போச்சு." துண்டுகளைச் சேர்த்தால் கதை வந்துவிடும். அதைச் சேரவிடாமல் செய்வதுதான் இம்போஸ்டரின் வேலை. ஆட்டம் முழுக்க வாய்மூடி நடந்து, உடல் கிடைத்த நொடியில் எல்லா வாயும் ஒரேயடியாகத் திறப்பதில் இருக்கிற சுகம் வேறு எந்த வீடியோ கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நம் வீடுகளுக்கென்றே ஒரு பலமும் இதில் உண்டு. எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் பெரியப்பாவைப் பார்த்து "பொய் சொல்றீங்க பெரியப்பா" என்று முகத்துக்கு நேரே சொல்லும் இடம் நம் வீட்டில் வேறு எங்கே இருக்கிறது? இங்கே சொல்லலாம். அதற்குக் காரணமும் சொல்லியாக வேண்டும்: எங்கே பார்த்தான், எப்போது பார்த்தான், ஏன் சந்தேகப்படுகிறான் என்று. பெரியப்பாவும் "பெரியவங்ககிட்ட இப்படிப் பேசுவியா" என்று அடக்க முடியாது; தான் எங்கே இருந்தேன் என்று அந்தப் பையனுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். வயதுக்காகத் தலையாட்டும் பழக்கம் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போகிறது. பிள்ளைகள் பொய் பழகிவிடுவார்கள் என்று கவலைப்படும் பெற்றோரிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். வேலி போட்ட இடத்தில் பொய்யைச் சொல்லியும் கேட்டும் பார்த்த பிள்ளைக்கு, வெளியே ஒருவர் பொய் சொல்லும்போது எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதாவது தெரியும்.

இனி பலவீனம். அது வேறெங்கோ ஒளிந்திருக்கவில்லை; பலம் இருக்கும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டம் பேச்சால் ஆனது. ஆகவே அது பேசத் தெரிந்தவர்களின் ஆட்டமாகிவிடுகிறது. சத்தமாகப் பேசுபவர், வேகமாகப் பேசுபவர், பிறரை இடைமறிக்கக் கூசாதவர் ஆகியோர் கையில் கூட்டம் போய்விடுகிறது.

எங்கள் குடும்ப அறையில் என் சித்தி மகள் ஒருத்தி ஆடுவாள். வீட்டிலேயே நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். உடல் கிடைத்ததும் அண்ணன்மார் இரண்டு பேர் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக் கத்துவார்கள். நேரம் முடியப்போகும்போது யாராவது ஒருவர் "பிங்க் ஒண்ணுமே பேசலையே" என்பார். அவ்வளவுதான், ஆறு வாக்கு விழும். அவள் வெளியே போவாள். திரையில் 'பிங்க் இம்போஸ்டர் அல்ல' என்று வரும். இரண்டு பேர் சிரிப்பார்கள், அடுத்த ஆட்டம் தொடங்கும். ஒரு கட்டத்தில் அவள் "படிக்கணும்" என்று வராமலே இருந்துவிட்டாள். அவள் தினமும் அட்மின் மேசையில் நின்று எந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகு, சமையலறையில் பேச்சுவாக்கில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த அறையில் இருந்த பத்துப் பேரில் அதிகம் தெரிந்தவள் அவள்தான். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இதை ஆட்டத்தை உருவாக்கியவர்கள் நிரல் எழுதிச் சரிசெய்ய முடியாது. நீங்கள் சரிசெய்யலாம்.

பேச்சுத் தோரணையை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கிறோம் என்று நாம் நினைப்பதே தவறு. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல், அதுவரை வந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவர் சொல்வது பொய்யா மெய்யா என்று கேட்டே முடிவுசெய்யும்போது மனிதர்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொல்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். காசைச் சுண்டினாலே 50 வருகிறது. "குரல் நடுங்குச்சு", "சிரிச்சான்", "அமைதியா இருக்கா" என்று ஆளை வெளியே அனுப்பும்போது அந்த மீதி 4 சதவீதத்தை நம்பித்தான் அனுப்புகிறோம். இடம், நேரம், உடன் இருந்தவர் என்று கேட்டால்தான் பொய் தடுமாறும்.

எனவே என் முதல் வேண்டுகோள். கூட்டம் கூடியதும் யாரையும் கத்தவிடாதீர்கள். நிறத்தைச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். எங்கே இருந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்ற மூன்று கேள்வி போதும். அதிகம் பேசாதவரிடமிருந்து தொடங்குங்கள். கடைசியில் கேட்டால் அவர் "தெரியல" என்று ஒதுங்கிவிடுவார். முதலில் கேட்டால் வேறு வழியின்றிப் பேசுவார். ஆட்டத்தின் அமைப்பில் கலந்துரையாடல் நேரம், வாக்களிப்பு நேரம் என்று இரண்டு தனித்தனியாக உண்டு. கலந்துரையாடல் நேரத்தில் யாராலும் வாக்கு போட முடியாது. பலர் அதைச் சுழியத்துக்குக் குறைத்துவிடுகிறார்கள். குறைக்காதீர்கள், கூட்டுங்கள். இப்படி விசாரித்தால் விறுவிறுப்புப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் அறையில் நடந்தது நேர்மாறு. வரிசையாகப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இம்போஸ்டர் முழுக் கதையையும் கட்ட வேண்டியிருக்கிறது. சத்தத்துக்குள் ஒளிய வழியில்லை. பொய்யின் தரம் உயர்ந்துவிட்டது. சித்தி மகளும் திரும்ப வந்துவிட்டாள்.

எழுத்தில் ஆடுவதா, அழைப்பில் பேசி ஆடுவதா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். தட்டச்சில் விரல் வேகமானவர் ஜெயிப்பார். அழைப்பில் குரல் வலுத்தவர் ஜெயிப்பார். அம்மா, அத்தை வரும் ஆட்டங்களில் எழுத்து வேண்டாம். அவர்கள் ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் வாக்கெடுப்பே முடிந்துவிடும். கூகுள் மீட்டோ வாட்ஸ்ஆப் அழைப்போ போட்டு, நடமாடும் நேரத்தில் எல்லோரும் மைக்கை அணைத்துவைக்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

யாரையும் வெளியேற்றாமல் கூட்டத்தைக் கடக்க வாக்களிக்கும் ஸ்கிப் பொத்தானைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆகவே நான் பேசுகிறேன். 10 பேர், அதில் 2 இம்போஸ்டர் என்று வையுங்கள். இம்போஸ்டர்கள் வெல்ல 8 க்ரூமேட்களில் 6 பேர் போக வேண்டும். ஒவ்வொரு கொலைக்கும் இம்போஸ்டர் காத்திருக்க வேண்டும், ஆள் இல்லாத இடம் தேட வேண்டும், மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நாம் ஒரு நிரபராதியை வாக்களித்து வெளியேற்றினால் அந்த ஆபத்து எதுவும் இல்லாமல் அவருக்கு ஒரு கொலை இலவசம். முதல் கொலைக்குப் பிறகு 9 பேர் இருக்கிறோம், 7 பேர் நிரபராதிகள். குருட்டாம்போக்கில் விரல் நீட்டினால் பெரும்பாலும் நம் ஆளைத்தான் அனுப்புவோம். ஆனாலும் முதல் கூட்டத்திலேயே யாரையாவது அனுப்பியாக வேண்டும் என்ற அவசரம் எல்லா அறையிலும் இருக்கிறது. "சாட்சி இருக்கா? இல்லைன்னா ஸ்கிப்" என்று ஹோஸ்ட் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். உங்கள் சொல்லுக்கு அந்த மதிப்பு இருக்கிறது.

அடுத்தது நம் அறைகளில் மட்டுமே நான் பார்த்த ஒரு நோய். மாட்டிக்கொண்டவர் "அம்மா மேல சத்தியமா நான் இல்லை" என்பார். உடனே மற்றவர்கள் அடுத்தவரிடம் "நீ சத்தியம் பண்ணு" என்பார்கள். உண்மையான இம்போஸ்டர் அம்மா மேல் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார். தயங்குவார், மாட்டிக்கொள்வார். அல்லது துணிந்து செய்துவிட்டு இரவெல்லாம் மனசு கெட்டுப் படுத்திருப்பார். இரண்டும் கூடாது. முதலாவதில் ஆட்டம் செத்துவிடுகிறது. இரண்டாவதில் ஆட்டத்துக்குள் இருக்க வேண்டிய பொய் வேலியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. சத்தியம், சாமி, பிள்ளை மேல் ஆணை எதுவும் இந்த மேசையில் செல்லாது என்று முதல் ஆட்டத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். பாட்டி ஆடும் அறையென்றால் இரண்டு தடவை சொல்லுங்கள்.

இறந்தவர்களின் பிரச்சினை எனக்கு இன்னும் கோபமூட்டுவது. ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில் கொல்லப்பட்டவர் மீதி நேரம் முழுக்க ஆவியாகத் திரிய வேண்டும். ஆவி தன் வேலைகளைத் தொடர்ந்து முடிக்கலாம், அது அணியின் கணக்கில் சேரும், மற்ற ஆவிகளோடு அரட்டையடிக்கலாம் என்பதெல்லாம் சரி. ஆனால் மேசையில் பேச முடியாது. பேச்சுக்காகவே வந்த ஆட்டத்தில் பேச்சைப் பறித்தபின் என்ன மிச்சம்? இன்னர்ஸ்லாத் குழுவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் அவர்கள் சேர்த்த புதிய பாத்திரங்களில் ஒன்று கார்டியன் ஏஞ்சல். அது இறந்துபோன க்ரூமேட்டுக்குக் கிடைப்பது. உயிரோடிருக்கும் ஒருவரைச் சில விநாடிகள் கொலையிலிருந்து காக்கலாம். நல்ல மருந்து, முழு மருந்தல்ல. அமைப்பில் அதை இயக்கிவையுங்கள். அதற்கு மேல் ஒரு வீட்டு விதியும் வேண்டும்: ஓர் ஆட்டத்தில் முதலில் இறந்தவரை அடுத்த ஆட்டத்தில் முதலில் கொல்லக்கூடாது. இதற்கு எந்தப் பொத்தானும் இல்லை. வாய்வார்த்தைதான். புதிதாக வந்த பிள்ளையை மூன்று ஆட்டத்தில் தொடர்ந்து முதல் நிமிடத்தில் கொன்றால் நான்காவது ஆட்டத்துக்கு அது வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஆடுபவர்களுக்கு இன்னொன்று. கொல்லப்பட்டதும் "டேய்!" என்று கத்துவது மனித இயல்பு, அதைத் தடுக்க முடியாது. சுவரில் சாய்ந்து வட்டமாக உட்காரச் சொல்லுங்கள். எவர் திரையும் எவருக்கும் தெரியாது, முகம் மட்டும் தெரியும். இந்த ஆட்டம் முதலில் உருவானது அப்படி உட்காருவதற்காகத்தான். இணையத்தில் ஆடுவதைவிட அதுவே உயர்ந்தது என்பது என் தீர்மானமான கருத்து.

ஆள் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு பேர் சேர்ந்தாலே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று இருக்கிறது, தொடங்காதீர்கள். நான்கில் ஒரு கொலை விழுந்தால் மூவர் மேசையில். ஒரு தவறான வாக்கு, முடிந்தது. துண்டுகளைச் சேர்க்க ஆளே இல்லை. மறுபக்கம், 2021 ஜூனிலிருந்து 15 பேர்வரை ஆடலாம். நேரலையில் பார்க்க அது அழகாக இருக்கும். வீட்டு அழைப்பில் 12 பேர் ஒரே நேரத்தில் பேசினால் அது சந்தை. எட்டிலிருந்து பத்து. அதற்குக் குறைந்தால் வேறு ஏதாவது ஆடுங்கள், கூடினால் இரண்டு அறை திறங்கள்.

மற்ற அமைப்புகளைப் பற்றி விரைவாக. மெட்பே என்ற அறையில் உடல் சோதனை செய்துகொள்வதுபோலப் பிறர் கண்ணுக்குத் தெரியும் வேலைகளைப் புதியவர்கள் இருக்கும்வரை வைத்திருங்கள்; பழகியபின் நிறுத்திவிடுங்கள். ஒருவர் சோதனை மேடையில் ஏறிக் காட்டி நிரபராதி என்று நிரூபித்துவிட்டால் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. வெளியேற்றப்பட்டவர் இம்போஸ்டரா இல்லையா என்று திரையில் சொல்வதையும் அவ்வாறே நிறுத்தலாம். அப்போது சந்தேகம் அடுத்த கூட்டத்துக்கும் நீளும். யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை மறைக்கும் வசதியைப் பற்றி நண்பர்களோடு எனக்குத் தகராறே உண்டு. உறவினர், நண்பர் என்றால் வெளிப்படையாக இருக்கட்டும். யார் யாரைக் காப்பாற்றுகிறார் என்பதே பெரிய சாட்சி. அலுவலக அறை என்றால் மறைத்துவிடுங்கள். மேலாளர் இம்போஸ்டராக வந்த ஆட்டங்களில் அவருக்கு எதிராக ஒரு வாக்குகூட விழாததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை நினைப்பு மேசைக்கு வந்துவிட்டால் அங்கே ஆட்டம் நடக்காது.

நிறக்குருடு உள்ளவர் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வயர் வேலையில் நிறத்தோடு குறிகளையும் பின்னர் சேர்த்துவிட்டார்கள். ஆனால் மேசையில் நாம் எல்லோரையும் நிறத்தால்தான் அழைக்கிறோம். பச்சைக்கும் பழுப்புக்கும் வேறுபாடு தெரியாதவர் யாரைக் குற்றஞ்சாட்டுவார்? தலைக்கு மேல் இருக்கும் பெயரைச் சொல்லி அழைத்தால் தீர்ந்தது.

பிள்ளைகள் உள்ள அறைகளைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பொது அறைகளுக்கு அவர்களை அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாதவர்கள் கூடும் அங்கே இந்த ஆட்டத்தின் எல்லாக் குறையும் பெருகிவிடுகிறது. இம்போஸ்டர் வேடம் கிடைக்காதவர்கள் முதல் விநாடியிலேயே வெளியேறுகிறார்கள். பெயரிலும் அரட்டையிலும் கெட்ட வார்த்தை ஓடுகிறது. காரணமே இல்லாமல் வாக்கு விழுகிறது. 2020 அக்டோபரில் ஒரு தாக்குதலில் எண்ணற்ற அறைகளின் அரட்டை முழுக்க விளம்பரக் குப்பை கொட்டியபோது அந்தச் சிறிய குழு அவசர அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. பிறகு கணக்கு முறை, புகார் வசதி, சிறுவர்களுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த சொற்றொடர்களை மட்டும் தேர்ந்து பேசும் குவிக் சாட் எல்லாம் வந்தன. வரவேற்கிறேன். இருந்தும் தெரிந்த முகங்களின் தனி அறைக்கு அவை ஈடாகாது. வீட்டில் ஒரு பிள்ளை பொது அறைகளில் தனியாக ஆடுவது தெரிந்தால் திட்டாதீர்கள், உங்கள் அறைக் குறியீட்டை அனுப்புங்கள். அதற்கு வேண்டியது கூட்டம், அதைக் கொடுக்கக்கூடியவர் நீங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டார்ட் பொத்தான் ஹோஸ்ட் கையில் மட்டுமே இருக்கிறது. ஓர் ஆட்டம் முடிந்து எல்லோரும் காத்திருப்பு அறைக்குத் திரும்பியதும் உங்கள் விரல் தானாக அதற்குப் போகும். "அடுத்தது, அடுத்தது" என்று குழந்தைகள் அவசரப்படுத்துவார்கள். அந்த நேரத்தில் ஒரு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். தோற்றவரோ ஜெயித்தவரோ, இம்போஸ்டராக இருந்தவர் நடந்ததைச் சொல்லட்டும். எந்த வென்ட்டில் இறங்கினார், யார் தன்னைப் பார்த்துவிட்டதாக நினைத்துப் பயந்தார், எந்தக் கேள்விக்குப் பதில் வராமல் திணறினார் என்று. இறந்தவர்கள் மேசையில் பேச முடியாமல் வயிற்றுக்குள் வைத்திருந்ததையெல்லாம் அப்போது கொட்டட்டும். தவறாக வெளியேற்றப்பட்டவரிடம் ஏன் சந்தேகப்பட்டோம் என்று மற்றவர்கள் சொல்லட்டும். அவர் திட்ட நினைத்தால் திட்டட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் அறைகளில் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் வருபவள்